துண்டு வெட்டிய பிறகு

பத்தரைக்குத் துண்டு வெட்டினார்கள்.
பன்னிரண்டுக்குள் கட்டிலை விடச் சொன்னா மிஸ்ஸி.
அதற்குள்ளேயே அடுத்தவர்
சக்கர நாற்காலியில் வந்து நின்று
என் வாப்பாவின் தலையணையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மட்டக்களப்பில் பதினெட்டு நாள்.
ஊசி, சேலைன், ஸ்கேன்,
பருப்பும் சோறும்கூட
ஒரு சதம் வாங்கவில்லை.
கேற்றைத் தாண்டியதும் எல்லாவற்றுக்கும் விலை வந்தது.
வேனுக்குப் பன்னிரண்டாயிரம்.
கல்லாற்றுப் பாலத்தில் குலுங்கியபோது வாப்பா முனகினார்.
டிரைவர் வேகத்தைக் குறைத்தான்,
வாடகையைக் குறைக்கவில்லை.

அக்கரைப்பற்று வீடு என் பேரில்,
உம்மா எழுதித் தந்த சீதனம்.
ஆகவே வாப்பாவும் என் பேரில்.
குரூப்பில் யாரும் அப்படி எழுதவில்லைதான்.
முஸ்பிர் காக்கா கட்டாரிலிருந்து
ஏந்திய கை இரண்டைப் போட்டார்.
தம்பி, இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் என்றான்.
ராத்தா குரல் பதிவில் அழுதா,
மூன்று நிமிடம் பன்னிரண்டு செக்கன்.
நான் சீ.ஆர். கொப்பியில் கோடு போட்டேன்.

பம்பர்ஸ் நாளைக்கு மூன்று,
கஞ்சத்தனம் பண்ணினால் இரண்டு.
கஞ்சத்தனம் பண்ணிய கிழமை முதுகு சிவந்தது.
கல்முனையிலிருந்து காற்று மெத்தை, மாத வாடகை.
குழாயால் ஊற்றும் பால்மா:
அதற்கு நேரே விலையை எழுதக் கை வரவில்லை,
பால்மா என்று மட்டும் எழுதினேன்.
கந்தோரில் எனக்கு மிச்சம் பதினொரு நாள் லீவு.

கொழும்பு ஏஜென்சிக்காரன்
மாதம் தொண்ணூறாயிரம் என்றான்,
ஆளுக்குத் தனி அறை, தினமும் மீன்.
கந்தோர் பியோன்தான் சொன்னார்,
கோளாவிலில் ஒரு ஆள் இரிக்கார் என்று.

பூபாலரெத்தினம்
சைக்கிளை மதிலில் சாத்திவிட்டுக் கால் கழுவி வந்தார்.
முப்பது வருடம் அற்றெண்டன், இப்போது பென்ஷன்.
என்னோடு பேசவில்லை.
வாப்பாவின் போர்வையை விலக்கிக்
குதிகாலைத் தூக்கிப் பார்த்தார்.
"புண் தொடங்கப் போகுது தங்கச்சி."
பிறகுதான் கூலி.
"பகலுக்கு மட்டும். ரெண்டாயிரம் தந்தாக் காணும்."
ஆயிரத்தி எண்ணூறு என்று சொல்ல
நான் வாயைத் திறந்தேன்.

கட்டில் அசைந்தது.
வலப்பக்கம் முழுக்க விழுந்த உடம்பு, பேச்சும் போயிற்று.
இடது கையைத் தூக்கி
மூன்று விரல் காட்டினார் வாப்பா.

தண்ணி மூணு கரண்டியா, வாப்பா?
மூணு பேரையும் வரச் சொல்லவா?
மூணு மணி ஆகல்லயே இன்னும்.

கண்ணை இறுக்கி மூடித் திறந்தார். கோபம்.
அதே மூன்று விரல்,
இந்த முறை பூபாலரெத்தினத்தின் பக்கம்.

பதினைந்து வருடம் வட்டை விதானை அவர்.
வரம்பில் நின்று அருவி வெட்டுக்கு ஆள் பேசும்போது
கேட்டதற்கு மேலே வைப்பார்.
உம்மா ஏசுவா,
உங்கட வெள்ளாம கூலிக்கே போயிரும் என்று.
போகத்தான் செய்தது, சில வருடம்.

"விதானையார்ர மூளைக்கு ஒண்டும் ஆகல்ல,"
என்றார் பூபாலரெத்தினம்.
சிரிக்கவில்லை.

இரவு குரூப்பில் போட்டேன்:
கூலி நாளைக்கு மூவாயிரம்.
காக்கா உடனே ஒன்லைன்.
யார் பேசின விலை இது?
வாப்பா.
வாப்பாக்குப் பேச ஏலாதே.

பேசாமல் கொப்பியை எடுத்துப்
பெருக்கிப் பார்த்தேன். முப்பது நாள்.
ஏஜென்சிக்காரனின் அதே தொண்ணூறு வந்தது.
ஒரு நிமிடம் வாப்பா மேல்
உண்மையாகவே ஆத்திரம்.
கடன் வெட்டியது போக
என் கைக்கு வருவது நாற்பத்திரண்டு.

பிறகு எழுதினேன்:
வட்டையில் வாப்பாட ரெண்டு ஏக்கர்,
இந்தப் போகம் குத்தகை நெல்லை
நான்தான் விற்பேன்.
காக்கா பார்த்தார். தம்பி பார்த்தான்.
ராத்தா எதையோ எழுதத் தொடங்கி,
எழுதி எழுதி,
நிறுத்திவிட்டா.

காலை ஆறே முக்காலுக்கு மணிச்சத்தம்.
"கொஞ்சம் பிடிங்க தங்கச்சி, இடுப்புக்குக் கீழ."
ஒண்டு, ரெண்டு என்று எண்ணி
வாப்பாவைப் புரட்டினார்.
விரிப்பு நனைந்திருந்தது.
நான் வாளியை எடுக்கப் போனேன்.